காம்புக்குக் காம்பு பாருங்கள்!

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் ஒன்றிரண்டு மாடு வைத்து, பால் ஊற்றிக் குடும்பம் நடத்தும் பெண்கள் இருக்கிறார்கள். "மாடு நல்லாத்தான் தீனி திங்குது, பாலும் கறக்குது, அப்புறம் என்ன வியாதி?" என்று இருந்துவிடக்கூடாது. மடிநோய் சொல்லிக்கொண்டு வருவதில்லை. மடி வீங்கிச் சூடேறும்போது நோய் முற்றியிருக்கும். அந்தக் காம்பே நிரந்தரமாக வற்றிப்போகலாம்.

தினமும் கறக்கும் முன், ஒவ்வொரு காம்பின் முதல் இரண்டு பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியில் விடுங்கள். திப்பி திப்பியாகவோ, ரத்தம் கலந்தோ வந்தால் உஷார்!

துணியில் தெரியாத நோயும் உண்டு. 100 மி.லி. தண்ணீரில் 3 கிராம் சலவைத் தூளைக் கரையுங்கள். நாலு காம்புப் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து, அதே அளவு சோப்புத் தண்ணீர் விட்டுச் சுழற்றுங்கள். எது கஞ்சி போல் கொழகொழக்கிறதோ, அந்தக் காம்பில் கோளாறு. கிருமியோடு போராட மடியில் சேரும் வெள்ளை அணுக்கள், சோப்புத் தண்ணீரில் உடைவதால்தான் இப்படி ஆகிறது. சோதித்த பாலைக் கொட்டிவிடுங்கள். கன்று போட்ட முதல் வாரத்திலும், பால் வற்றும் சமயத்திலும் இந்தச் சோதனை சரிவராது.

சந்தேகம் வந்தால் நீங்களே ஊசி மருந்து வாங்கிப் போடாதீர்கள். என்ன கிருமி என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும். 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி, இதோ வேப்பேரியில்தானே இருக்கிறது! மருந்து போட்ட மாட்டின் பாலை, டாக்டர் சொல்லும்வரை குழந்தைக்கும் கொடுக்காதீர்கள்; வாடிக்கைக்கும் ஊற்றாதீர்கள்.

- ஒரு வாசகி, ராயபுரம், சென்னை-13.