கடலோடு வருபவரும் படகோடு வருபவரும்

ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேரலாமா என்று 1972 செப்டம்பரில் நார்வே அரசு மக்களைக் கேட்டது. 53.5 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 1994இல் மறுபடி கேட்டபோதும் 52.2 சதவீதம் பேர் மறுத்தார்கள். வடக்கே கடலை நம்பி வாழும் ஊர்களில் எதிர்ப்பு இன்னும் பலமாக இருந்தது.

தங்கள் கடலில் மற்றவர்கள் வந்து மீன்பிடிப்பார்கள் என்ற அவர்களின் அச்சம் வீண் அச்சமல்ல. பிரிட்டன், அயர்லாந்து, டென்மார்க், நார்வே ஆகிய நான்கு நாடுகளும் சேர்க்கைப் பேச்சுக்கு வரவிருந்த நேரம், 1970 ஜூன். அன்றைய ஆறு உறுப்பு நாடுகளும் அவசரமாக ஒரு முடிவெடுத்தன: உறுப்பு நாடு எதுவானாலும், அதன் கடலில் மற்ற உறுப்பு நாட்டுப் படகுகளும் சமமாக மீன்பிடிக்கலாம். வளமான கடலோ வரவிருந்தவர்களிடம்தான் அதிகம் இருந்தது.

பங்கு பிரித்த கதை

1983இல் ஒதுக்கீட்டு முறை வந்தது. எந்தக் கடற்பகுதியில் எந்த மீனை ஆண்டுக்கு எத்தனை டன் பிடிக்கலாம் என்பதை அமைச்சர்கள் கூடி முடிவு செய்வார்கள். அதில் ஒவ்வொரு நாட்டுக்கும் மாறாத விகிதம் உண்டு. 1970களில் யார் எவ்வளவு பிடித்தார்கள் என்பதே அந்த விகிதத்துக்கு முக்கிய அடிப்படை. பந்தியில் ஆள் கூடினாலும் பானையில் சோறு கூடாது. அதனால் புதிதாக வருபவர் கடலோடு வருகிறாரா, படகோடு வருகிறாரா என்பதே கேள்வி.

1986இல் ஸ்பெயின் பெரும் மீன்பிடிக் கப்பல் கூட்டத்தோடு வந்தது. பழைய உறுப்பினர்கள் தங்கள் பங்கை விடவில்லை. மேற்குக் கடலில், பட்டியலிட்ட 300 ஸ்பெயின் கப்பல்களில் ஒரே நேரத்தில் 150 மட்டுமே தொழில் செய்யலாம் என்று வரம்பு கட்டினார்கள். அயர்லாந்தைச் சுற்றிய கடற்பகுதி 1995 முடியும்வரை அவற்றுக்கு மூடியே இருந்தது. ஸ்பெயின் முதலாளிகள் வேறு வழி கண்டார்கள்: கப்பலைப் பிரிட்டனில் பதிவு செய்து, பிரிட்டனின் பங்கிலேயே மீன்பிடித்தார்கள். அதைத் தடுக்கப் பிரிட்டன் 1988இல் கொண்டுவந்த சட்டம் ஐரோப்பிய நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

ஐஸ்லாந்து, வங்கிகள் சரிந்த மறுவருடம், 2009இல் உறுப்பினராகச் சேர விண்ணப்பித்தது. அதன் ஏற்றுமதிக்கு மீன்தான் முதுகெலும்பு. பேச்சுவார்த்தையில் மீன்வளம் பற்றிய அத்தியாயம் கடைசிவரை திறக்கப்படவே இல்லை. 2015இல் ஐஸ்லாந்து அரசு விலகிக்கொள்வதாக அறிவித்தது.

சேரும் நாளில் எழுதப்படும் விகிதம் பல தலைமுறைக்கு நிற்கிறது. பின்னால் அதை மாற்றுவது மிகக் கடினம். ஆகவே, கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சிறுபடகு மீனவர்களையும் அழைத்துக் கேட்க வேண்டும். பங்கு குறைந்தால் முதலில் படகை விற்கப்போவது அவர்கள்தான்.