டிஜிட்டல் போட்டோ ஃப்ரேம்: இன்ச்சைத் தாண்டி என்ன பார்க்கணும்?

டிஜிட்டல் போட்டோ ஃப்ரேம் வாங்கப் போகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை இன்ச்?" கடைக்காரரும் அதைத்தான் சொல்வார். ஆனால் ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு, பேரப்பிள்ளைகள் படம் ஓடட்டும்னு வாங்கிக் கொடுப்பதாக இருந்தால், இன்ச் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

பின்மூடியைக் கழற்றினால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு எல்சிடி பேனல், அதற்குப் பின்னால் வெளிச்சத்துக்கு எல்இடி விளக்குகள், ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. போர்டில் பிராசசர், கொஞ்சம் மெமரி, எஸ்டி கார்டு செருக இடம். அதாவது, சட்டம் போட்ட ஒரு குட்டி கம்ப்யூட்டர்.

இதில் பேனல்தான் முக்கியம். பழைய 7 இன்ச் ஃப்ரேம்கள் பலவற்றில் 480 x 234 புள்ளிகள்தான். பெருக்கிப் பாருங்க, ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் சொச்சம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியா எண்ணி அட்டைப்பெட்டியில் 1440 x 234 என்று போட்டவர்களும் உண்டு! இப்போது 10 இன்ச்சில் 1280 x 800 சாதாரணமாகக் கிடைக்கிறது, சுமார் பத்து லட்சம் புள்ளி. போனில் எடுக்கும் 12 மெகாபிக்சல் படத்தில் ஒரு கோடியே இருபது லட்சம். பத்தில் ஒரு பங்குகூடத் திரையில் தெரியப் போவதில்லை. அதனால் படங்களைச் சின்னதாக்கிக் கார்டில் போடுங்க. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, படமும் சட்டென்று மாறும்.

அடுத்தது வடிவம். போன் படம் பொதுவாக 4:3. ஃப்ரேம் 16:9 ஆக இருந்தால், நிமிர்த்தி எடுத்த படம் திரை அகலத்தில் பாதியைக்கூட நிரப்பாது, இரண்டு பக்கமும் கறுப்பு. "திரையை நிரப்பு" என்று வைத்தாலோ தலை வெட்டுப்படும். மனிதர்கள் படம்தான் ஓடப் போகிறது என்றால் 4:3 ஃப்ரேம் நல்லது.

"படம் படுத்துக்கிட்டு தெரியுது" என்பது அடிக்கடி வரும் புகார். போனை நிமிர்த்திப் பிடித்தாலும் படம் பல நேரம் படுக்கையாகவே பதிவாகிறது, "இதைத் திருப்பிக் காட்டு" என்று ஒரு குறிப்பு மட்டும் ஃபைலுக்குள் இருக்கும். பழைய ஃப்ரேம்கள் அந்தக் குறிப்பைப் படிப்பதில்லை. கம்ப்யூட்டரில் திருப்பி, மறுபடி சேமித்தால் சரியாகிவிடும். 2017-க்குப் பிறகு ஐபோன்கள் பயன்படுத்தும் ஹெய்க் ஃபைலைப் பழைய ஃப்ரேம்களால் திறக்கவே முடியாது, ஜேபெக்காக மாற்றித்தான் போடணும். கார்டும் 32 ஜிபிக்கு மேல் போகாமல் இருப்பது பத்திரம். அதற்கு மேற்பட்டவை வேறு ஃபார்மேட்டில் வருவதால் பழைய ஃப்ரேம் படிக்காமல் போகலாம்.

கடையிலேயே ஒன்று செய்து பாருங்கள். ஃப்ரேமை மேசையில் வைத்துவிட்டு, குனிந்து கீழிருந்து பாருங்கள். மலிவான டிஎன் பேனல் என்றால் முகமெல்லாம் இருண்டுபோகும். அலமாரி மேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து பார்க்கும் பெரியவர்களுக்கு அது பிரயோஜனப்படாது. ஐபிஎஸ் பேனலில் இந்தத் தொல்லை குறைவு.

பிளக்கைப் பிடுங்கி மறுபடி மாட்டியும் பாருங்க. தானாகப் படம் ஓட ஆரம்பிக்கணும். சிலது மெனுவில் வந்து நின்றுவிடும், யாராவது பட்டனை அமுக்க வேண்டும். கரண்ட் அடிக்கடி போகும் ஊரில், ஒரே வாரத்தில் அது வெறும் கறுப்புக் கண்ணாடி. (கரண்ட் பில் பயம் வேண்டாம். 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் என்றால் நாள் முழுக்க ஓடினாலும் கால் யூனிட் அளவுதான்.)

வைஃபை ஃப்ரேம் வசதிதான், சென்னையிலிருந்து அனுப்பினால் திருநெல்வேலி வீட்டில் படம் மாறும். ஆனால் படம் போவது அந்தக் கம்பெனி சர்வர் வழியாக. சர்வரை மூடிவிட்டால் புதுப் படம் வராது. ஆகவே வைஃபை ஃப்ரேம் வாங்கினாலும் கார்டு போடும் இடம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், படங்களின் பிரதியை வேறு இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.