மென்திசு விசையியல்

மென்திசு விசையியல் என்பது தோல், தசைநாண், தமனிச் சுவர் போன்ற மென்மையான உயிர்ப்பொருட்கள் விசைக்கு உட்படும்பொழுது எவ்வாறு உருமாறுகின்றன என்பதைக் கணிதச் சமன்பாடுகளால் விளக்கும் துறை ஆகும். உருக்கு, அலுமினியம் போன்றவற்றுக்குப் பயன்படும் எளிய சமன்பாடுகள் இப்பொருட்களுக்குப் பொருந்துவதில்லை. அதன் காரணத்தையும், மாற்றாக உருவான சமன்பாடுகளையும் தமனிச் சுவரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகின்றது.

ஹூக்கின் விதியும் அதன் எல்லையும்

ஒரு பொருளின் ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை தகைவு எனப்படும். நீள மாற்றத்திற்கும் தொடக்க நீளத்திற்கும் உள்ள விகிதம் திரிபு எனப்படும். 1678 ஆம் ஆண்டில் இராபர்ட் ஹூக் வெளியிட்ட விதியின்படி நீட்சியானது விசைக்கு நேர் விகிதத்தில் அமையும். இதன் இன்றைய வடிவில், தகைவைத் திரிபால் வகுத்தால் கிடைக்கும் மாறிலி யங் குணகம் ஆகும். உருக்கிற்கு இது ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல்.

சாதாரண உருக்குக் கம்பி மீட்சி எல்லைக்குள் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவாகவே நீளும். தோலும் தமனியும் பல பத்து விழுக்காடு நீண்டு மீளக்கூடியவை. மேலும், இவற்றின் தகைவு-திரிபு வரைபடம் நேர்கோடாக இல்லாமல், முதலில் ஏறக்குறையக் கிடையாகச் சென்று பின்னர் செங்குத்தாக எழுகின்றது. புறங்கைத் தோலைக் கிள்ளி இழுத்துப் பார்த்தால் இதனை உணரலாம். முதலில் எளிதாக வரும் தோல், ஒரு நிலைக்குப் பின் இறுகிவிடும். எனவே மென்திசுவிற்கு ஒரே ஒரு யங் குணகத்தைக் கூற இயலாது.

இறுகுவதற்கான காரணம்

தமனிச் சுவரில் எலாஸ்டின், கொலாஜன் என்னும் இரு வகைப் புரத இழைகள் உள்ளன. எலாஸ்டின் ரப்பரைப் போன்று எளிதில் நீளும். கொலாஜன் அதனைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு என்ற அளவில் விறைப்பானது. எனினும் ஓய்வு நிலையில் கொலாஜன் இழைகள் அலையலையாகத் தளர்ந்து கிடப்பதால், சிறு நீட்சியில் எலாஸ்டின் மட்டுமே சுமையைத் தாங்குகின்றது. நீட்சி கூடும்பொழுது கொலாஜன் இழைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து சுமையை ஏற்கின்றன.

பலூனும் தமனியும்

நீண்ட குழல் வடிவப் பலூனை ஊதினால் அது முழுவதும் சீராகப் பெருக்காது. ஓரிடம் மட்டும் முதலில் புடைக்கும். மெல்லிய குழலின் சுற்றுத் தகைவு பின்வருமாறு அமையும்:

சுற்றுத் தகைவு = அழுத்தம் × ஆரம் ÷ சுவர்த் தடிப்பு

குழல் விரியும்பொழுது ஆரம் கூடுகின்றது, சுவர் மெலிகின்றது. ஆகவே அழுத்தம் மாறாவிட்டாலும் தகைவு உயர்கின்றது. சுவர் போதிய விரைவில் இறுகாவிட்டால் புடைப்பு தானாகவே வளரும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை குருதி அழுத்த ஏற்ற இறக்கத்திற்கு உள்ளாகும் தமனி இவ்வாறு புடைக்காமல் இருப்பதற்கு அதன் இறுகும் தன்மையே அடிப்படை ஆகும்.

ஃபங்கின் சமன்பாடு

வானூர்திக் கட்டமைப்புகளை ஆராய்ந்துவந்த யுவான்-செங் ஃபங் (1919–2019) பின்னர் உயிர் விசையியலுக்கு மாறினார். முயலின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை இழுத்துச் சோதித்து, 1967 ஆம் ஆண்டில் அவர் கண்ட முடிவு வருமாறு:

வரைபடத்தின் சாய்வு = மாறிலி × (தகைவு + மற்றொரு மாறிலி)

அதாவது, தகைவு கூடக்கூட அது வளரும் வீதமும் கூடுகின்றது. கூட்டு வட்டியில் முதல் பெருகுவதும் இவ்வாறே. இதனைத் தீர்த்தால் அடுக்குக்குறிச் சார்பு கிடைக்கும்.

பிற்கால வளர்ச்சி

ரப்பருக்கு மூனி (1940), ரிவ்லின் (1948), ஆக்டன் (1972) ஆகியோர் திரிபு ஆற்றல் சார்புகளை அமைத்திருந்தனர். நீட்சியால் பொருளில் சேமிக்கப்படும் ஆற்றலை முதலில் எழுதி, அதிலிருந்து தகைவைப் பெறுவது இம்முறை. 2000 ஆம் ஆண்டில் ஹோல்சாப்ஃபெல், காசர், ஆக்டன் ஆகியோர், ரப்பர் போன்ற அடிப்பொருளில் இரு திசைகளில் திருகுசுருளாகச் செல்லும் கொலாஜன் இழைகள் பதிந்திருப்பதாகக் கொண்டு தமனிக்கு ஒரு சார்பை வெளியிட்டனர்.

தமனி வளையம் ஒன்றை ஒரு பக்கத்தில் வெட்டினால் அது தானாக விரிந்து திறந்துகொள்ளும். சுமை இல்லாதபொழுதும் சுவரில் எஞ்சு தகைவு இருப்பதை 1983 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுகள் இவ்வாறு எடுத்துக்காட்டின. இந்த எஞ்சு தகைவு, குருதி அழுத்தத்தால் உட்சுவரில் மட்டும் தகைவு குவிவதைக் குறைக்கின்றது.

பயன்பாடும் வரம்பும்

அனூரிசம் எனப்படும் புடைப்பில் எலாஸ்டின் சிதைந்து சுவர் நலிகின்றது. வயிற்றுப் பெருந்தமனிப் புடைப்பின் விட்டம் ஆண்களுக்கு 5.5 செ.மீ.யை எட்டினால் பொதுவாக அறுவை மருத்துவம் பரிந்துரைக்கப்படுகின்றது. எனினும் இதனினும் சிறிய புடைப்புகள் சில வெடிக்கின்றன. பெரியவை சில வெடிப்பதில்லை. நோயாளியின் ஊடுகதிர்ப் படங்களிலிருந்து தமனியின் வடிவத்தைப் பெற்று, மேற்கூறிய சார்புகளைக் கொண்டு சுவர்த் தகைவைக் கணினியில் கணிப்பதன் நோக்கம் இவ்வேறுபாட்டை முன்கூட்டியே அறிவதாகும்.

ஆனால் உயிரோடிருப்பவரின் தமனியை வெட்டிச் சோதிக்க இயலாது. சமன்பாட்டின் மாறிலிகள் ஆளுக்கு ஆள், வயதுக்கு வயது வேறுபடும். சுவரின் வலிமையையும் வெளியிலிருந்து நேரடியாக அளக்க முடியாது. ஆகவே மருத்துவ முடிவுகளில் விட்டமே இன்றும் முதன்மை அளவுகோலாக உள்ளது.