குறிக்கோளும் குவிலென்சும்

ஒரு குவிலென்சை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் ஒரு வெள்ளைத் தாளுக்கு மேலே பிடித்து, மெல்ல மேலும் கீழும் நகர்த்துங்கள். (லென்சின் வழியே சூரியனை ஒருபோதும் பார்க்கக் கூடாது.) ஓரிடத்தில் ஒளி சிறு புள்ளியாகக் குவியும், சற்று நேரத்தில் அங்கே தாள் கருகிப் புகையும். சிறுவயதில் நம்மில் பலர் செய்த சோதனைதான் இது. ஆனால் அந்தப் புள்ளியைச் சுற்றி என்ன இருக்கிறது என்று கவனித்தவர்கள் எத்தனை பேர்? அங்கே வட்டமாக ஒரு நிழல் விழுந்திருக்கும். லென்ஸ் புதிதாக ஒளியை உண்டாக்குவதில்லை. தன்மீது விழும் ஒளியை ஓரிடத்தில் சேர்க்கிறது, அவ்வளவுதான். புள்ளிக்குக் கிடைத்த ஒளி, சுற்றியுள்ள இடம் இழந்த ஒளியே.

இந்தச் சோதனையை எனக்கு நினைவூட்டியவர் ஒரு மாணவர். ஒரு மாலை, மறைமலை நகர் ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தபோது அவர் கேட்டார்: “சார், போன வருஷம் 85 மார்க் வாங்கணும்னு எழுதிச் சுவத்துல ஒட்டினேன். 61தான் வந்தது. இந்த வருஷம் எழுதவே மனசு வரல. எழுதாம இருக்கவும் முடியல. குறிக்கோள் வேணுமா, வேண்டாமா சார்?”

நானும் இந்தச் சங்கடத்தை அறிந்தவனே. எம்.எஸ்ஸி. முடித்ததும், ‘முப்பது வயதுக்குள் முனைவர் பட்டம்’ என்று டைரியில் எழுதினேன். முப்பது கடந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தப் பக்கத்தைக் கிழிக்கவும் மனமில்லை, திறந்து பார்க்கவும் மனமில்லை.

இப்படி இரண்டுபட்ட மனநிலை ஒரு பலவீனமா? உளவியலார் கண்டவற்றைப் பார்ப்போம்.

ஒளி

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் மரம் ஏற்றிச் செல்லும் லாரிகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 1975இல் வெளிவந்தது. சட்டம் அனுமதிக்கும் எடையில் சுமார் 60 சதவீதமே லாரிகளில் ஏற்றப்பட்டு வந்தது. ‘முடிந்தவரை நன்றாகச் செய்யுங்கள்’ என்று சொல்லிப் பயனில்லை. பிறகு, ‘94 சதவீதம்’ என்று திட்டவட்டமான ஓர் இலக்கு தரப்பட்டது. சில மாதங்களில் சுமை 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. கூலி உயர்வோ பரிசுப் பணமோ இதற்குக் காரணமல்ல. தெளிவான இலக்கு கவனத்தை ஓரிடத்தில் குவித்தது. எட்வின் லாக், கேரி லாதம் என்னும் உளவியலார் இத்தகைய ஆய்வுகளைக் கொண்டே குறிக்கோள் கோட்பாட்டை வளர்த்தனர்.

நிழல்

மறைமலை நகரில் ஃபோர்டு கார் தொழிற்சாலையை அறியாதவர் இல்லை. 1990களின் இறுதியிலிருந்து 2022 வரை இங்கே கார்கள் தயாராயின. அந்த நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் உண்டு. எடை 2,000 பவுண்டுக்குள் (சுமார் 907 கிலோ), விலை 2,000 டாலருக்குள் என்ற இலக்குடன், வழக்கத்தைவிடக் குறுகிய காலத்தில் ‘பின்டோ’ என்ற கார் உருவாக்கப்பட்டு, 1970இல் விற்பனைக்கு வந்தது. எடை, விலை, காலம் மூன்றிலும் வெளிச்சம் விழுந்தது. பின்புறத்தில் அமைந்த பெட்ரோல் தொட்டியோ நிழலில் நின்றது. பின்னாலிருந்து வாகனம் மோதினால் தீப்பிடிக்கும் ஆபத்து இருந்தது, உயிர்கள் பலியாயின. 1978இல் சுமார் 15 லட்சம் கார்களை நிறுவனம் திரும்ப அழைக்க நேர்ந்தது. குறிக்கோளின் தீமைகளைப் பற்றி 2009இல் பேராசிரியர்கள் நால்வர் எழுதிய கட்டுரையில் இது ஒரு முக்கியச் சான்று.

கற்கும்போதும் நிழல் விழுகிறது. ரூத் கான்ஃபர், பிலிப் ஆக்கர்மன் ஆகியோர் 1989இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க விமானப்படைப் பயிற்சியாளர்கள் விமானப் போக்குவரத்தை நெறிப்படுத்துவது போன்ற ஒரு கணினிப் பயிற்சியைச் செய்தனர். வேலை பிடிபடும் முன்பே கடினமான எண் இலக்கு தரப்பட்டால், அது உதவுவதற்குப் பதில் இடையூறாகவே இருந்தது. கற்பதற்கு வேண்டிய கவனத்தில் ஒரு பகுதியை, ‘எண்ணை எட்டுவோமா?’ என்ற கவலை எடுத்துக்கொண்டது எனலாம். கவனமும் ஒளியைப் போல அளவுள்ளதுதானே!

லென்சை எங்கே பிடிப்பது?

ஆகவே, குறிக்கோளைக் கண்டு தயங்குவது பலவீனமல்ல. ஒளியோடு நிழலையும் உணரும் மனம் அது. லென்சைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பிடிக்கும் இடத்தை அறிந்தால் போதும்.

முதலாவது, நன்கு தெரிந்த வேலைக்கு எண் இலக்கு பொருந்தும். புதிதாகக் கற்பதற்கு, ‘இதைப் புரிந்துகொள்வேன்’ என்ற கற்றல் இலக்கே ஏற்றது.

இரண்டாவது, எப்போது, எங்கே, எப்படிச் செய்வோம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். எண்ணம் செயலாவதற்கு இது பெரிதும் உதவுகிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலார் காட்டியிருக்கிறார்.

மூன்றாவது, ‘இந்த இலக்கால் எது நிழலில் விழுகிறது?’ என்று அவ்வப்போது கேட்டுக்கொள்ள வேண்டும். தூக்கமா, உடல்நலமா, பாடத்தின் மீதிருந்த ஆசையா?

ஆய்வுக்கூடத்தில் எதிர்பார்த்த அளவு கிடைக்காவிட்டால் கருவியை உடைப்போமா? பிழை எங்கே என்று தேடுவோம். தவறிய இலக்கும் ஓர் அளவீடுதான். நம்மைப் பற்றிய தீர்ப்பு அல்ல.

மாணவரிடம், “85க்காக என்ன செய்தாய்?” என்று கேட்டேன். பழைய வினாத்தாள்களின் விடைகளை மனப்பாடம் செய்தாராம். “கணக்குகள்?” என்றேன். “தொடவே இல்ல சார்” என்றார். நிழல் எங்கே விழுந்தது என்று இருவருக்கும் புரிந்தது. இப்போது அவர் சுவரில் மதிப்பெண் இல்லை. ‘இரவுச் சாப்பாடு முடிந்ததும், புத்தகத்தைப் பார்க்காமல் இரண்டு கணக்குகள்’ என்று இருக்கிறது.

நானும் டைரியைத் திறந்தேன். பட்டம் என்ற சொல்லை அடிக்கவில்லை. அதன் கீழே, ‘ஞாயிறு காலை ஓர் ஆய்வுக் கட்டுரை படிப்பது’ என்று எழுதினேன். நீங்களும் பழைய குறிக்கோள் ஒன்றை எடுத்து, அதன் நிழலைத் தேடிப் பாருங்களேன்!