மைசூர்ப் பருப்பும் சாகாத களையும்

போன கிழமை ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையில் மைசூர்ப் பருப்புப் பையோடு வரிசையில் நின்றேன். பின்னால் நின்ற அம்மா ஒருவர் கேட்டார்: "தம்பி, இதுவும் மரபணு மாத்தின பருப்போ? மருந்தடிச்சாலும் சாகாத செடியாமே?"

"சீச்சீ, அப்பிடி ஒண்டுமில்லை அம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், நான் சொன்னது பாதி உண்மை என்பது உறைத்தது.

நாங்கள் கறி வைக்கும் இந்தச் சிவப்புப் பருப்பு கனடாவில் பெரும்பாலும் சஸ்காச்சுவானில் விளைகிறது. இலங்கைக்கும் இங்கிருந்து போகிறது. பருப்புச் செடி குட்டையானது, களையோடு போட்டிபோட அதனால் முடியாது. ஊரில் என்றால் ஆள் பிடித்துக் களை பிடுங்கலாம். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல். களைநாசினிதான் வழி. ஆனால் அது பருப்பையும் சேர்த்துக் கொன்றால்?

இமிடசோலினோன் வகைக் களைநாசினிகள் செடியிலுள்ள ஒரே ஒரு நொதியத்தைக் குறிவைக்கின்றன. பெயர் ஏஎல்எஸ். வலின், லியூசின், ஐசோலியூசின் என்ற மூன்று அமினோ அமிலங்களைச் செய்ய அது வேண்டும். மருந்து அந்த நொதியத்தின் வாசலில் போய் அடைத்துக்கொள்ளும். புரதம் செய்ய வழியில்லாமல் செடி மெல்ல மெல்லச் சாகும். எங்கள் உடம்பில் இந்த நொதியம் இல்லை. அதனால்தான் அந்த மூன்றையும் நாங்கள் சாப்பாட்டில் எடுக்கிறோம், பருப்பிலும் சேர்த்து.

சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் கொண்டு பருப்பு விதைகளில் விகாரங்களைத் தூண்டினார்கள். மருந்தைத் தாங்கி நின்ற செடியிலிருந்து புதிய இனங்களை வளர்த்தார்கள். இத்தகைய விகாரத்தில் நடப்பது சின்ன விஷயம்தான். நொதியத்தின் அறுநூறுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களில் ஒன்று மாறினாலே போதும். பூட்டின் துவாரம் சற்றுக் கோணியதுபோல, மருந்து உள்ளே பொருந்தாது. நொதியமோ தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

வேறு உயிரின் மரபணு எதுவும் புகுத்தப்படவில்லை. அந்தளவில் என் பதில் சரி. ஆனால் மருந்தடித்தாலும் சாகாத பருப்புச் செடி இருக்கிறது. அதில் அந்த அம்மா சொன்னதே சரி. கனடாவின் சட்டமும், எந்த முறையில் உண்டாக்கினார்கள் என்பதை விட, செடிக்குப் புதிய குணம் வந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறது.

எனக்குப் பயம் பருப்பில் இல்லை, களையில்தான். ஆய்வுகூடத்தில் தேடிப் பிடித்த அதே விகாரம் வயலில் தானாகவே வரும். இதே நொதியத்தைத் தாக்கும் முதல் மருந்து 1982இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஐந்தே வருடத்தில், 1987இல், கன்சாஸில் கோச்சியா என்ற களை அதற்கு மசியவில்லை. 1988இல் சஸ்காச்சுவானிலும் அதே கதை. காய்ந்ததும் முறிந்து, காற்றில் உருண்டு, வழியெல்லாம் விதை தூவும் களை அது. இன்று கனடியப் புல்வெளி மாகாணங்களில் இந்த மருந்துக்குப் பணியும் கோச்சியாவைக் காண்பதே அரிது. காட்டுக் கடுகும் அந்தப் பாதையில்தான் போகிறது.

மருந்து புதிய விகாரத்தை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே தப்பக்கூடிய ஒரு செடியை மட்டும் விட்டு, மற்றவற்றை அழித்து அதற்கு இடம் பிடித்துக் கொடுக்கிறது. வருடா வருடம் ஒரே மருந்தை அடித்தால் வயல் முழுக்க அதன் பிள்ளைகள்தான். பயிரை மாற்று, மருந்தை மாற்று, களை விதை விழ விடாதே என்று விவசாயிகளுக்குச் சொல்லப்படுவது இதனால்தான். பருப்புக்கோ மாற்று மருந்துகள் மிகக் குறைவு.

அந்த அம்மாவை மீண்டும் கண்டால் சொல்வேன்: "பயப்படாமல் சமையுங்கோ அம்மா. ஆனால் மரபணு மாத்தினதோ எண்டு மட்டும் கேளாதேங்கோ. ஒரே மருந்தை எத்தனை வருஷமா அடிக்கினம் எண்டும் கேளுங்கோ."