யார் போட்ட கையெழுத்து?

2010 ஏப்ரலில், போர்ட்ஸ்மவுத் என்ற இங்கிலாந்து கால்பந்து கிளப் யார் யாருக்கு எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறது என்ற பட்டியல் வெளியே வந்தது. மொத்தம் சுமார் 11.9 கோடி பவுண்டு. வரித்துறை, முன்னாள் முதலாளிகள், மற்ற கிளப்புகள், ஏஜென்ட்டுகள், ஆட்டக்காரர்கள் என்று பெரிய தொகைகள் வரிசைகட்டி நின்ற அந்தப் பட்டியலில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் என்ற பெயரும் இருந்தது. ஆட்டம் பார்க்க வந்தவர்களில் யாராவது மயங்கி விழுந்தால் ஓடிப்போய் முதலுதவி செய்யும் தொண்டர்களின் அமைப்பு அது. அவர்களுக்குச் சேர வேண்டியது சுமார் 2,700 பவுண்டு. வாரத்துக்கு 40,000 பவுண்டு வாங்கும் ஆட்டக்காரர் ஒருவருக்கு அது அரை நாள் சம்பளம்கூட ஆகாது.

கிளப் தொடர்ந்து லீக்கில் ஆட வேண்டுமானால் ஆட்டக்காரர்களின் பாக்கியை ஒரு பென்னி குறையாமல் கொடுத்தாக வேண்டும். ஆம்புலன்ஸ்காரர்களுக்கு அப்படிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அன்றைக்கும் இதுதான் விதி, இன்றைக்கும் இதுதான் விதி. கேட்ட மாத்திரத்தில் யாருக்கும் கோபம் வரும். அந்தக் கோபம் நேராக ஆட்டக்காரர் மேல்தான் பாயும். கோபம் நியாயம்தான், பாயும் திசைதான் தப்பு என்று நான் நினைக்கிறேன்.

போர்ட்ஸ்மவுத், இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் கடற்படை நகரம். கிளப்பின் மைதானமான ஃப்ராட்டன் பார்க் பழையது, நெருக்கமானது. சுமார் 20,000 பேர் உட்காரலாம். அதே பிரீமியர் லீக்கில் ஆடிய மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானத்தில் 75,000 பேர் உட்கார்ந்தார்கள். டிக்கெட் வசூலில் எந்தக் காலத்திலும் ஈடுகொடுக்க முடியாத இந்தக் கிளப்பை 2006-ல் அலெக்ஸாண்டர் கைடமாக் என்ற பணக்காரர் தன் கைக்குக் கொண்டுவந்தார். சோல் கேம்பெல், டேவிட் ஜேம்ஸ், கானு, டிஃபோ, முன்டாரி, கிளென் ஜான்சன் என்று பெரிய பெயர்களெல்லாம் அந்தச் சின்ன மைதானத்தில் ஆடின. 2008 மே 17 அன்று வெம்ப்ளியில் கார்டிஃப் அணிக்கு எதிராகக் கானு அடித்த ஒரே கோலில் எஃப்.ஏ. கோப்பை போர்ட்ஸ்மவுத்துக்கு வந்தது. அந்த ஊர்க்காரர்கள் அந்த நாளை இன்னும் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும், அது அவர்கள் உரிமை.

அந்த ஆண்டின் கணக்கைப் பார்த்தால்தான் வயிறு கலங்குகிறது. வரவு சுமார் 7 கோடி பவுண்டு. சம்பளத்துக்கு மட்டும் போனது 5.4 கோடிக்கு மேல். வரும் 100 பவுண்டில் 75-க்கு மேல் சம்பளத்துக்கே போய்விட்டால், ஆட்டக்காரர்களை வாங்கிய தவணை, வட்டி, வரி, மின்சாரம், புல்தரைப் பராமரிப்பு எல்லாவற்றையும் மிச்சத்தில் எப்படிச் சமாளிப்பது? முதலாளி தன் பையிலிருந்தும் கடன் வாங்கியும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 2008-ன் கடைசியில் கைடமாக் கையை விரித்து, கிளப்பை விற்கப் போவதாகச் சொன்னார். அதன் பிறகு எல்லாம் சரிவுதான். டிஃபோ, லசானா டியாரா, ஜான்சன், கிரவுச், டிஸ்டான், கிராஞ்சார் என்று ஒவ்வொருவராக விற்றும் ஓட்டை அடைபடவில்லை. 2009-10 என்ற ஒரே சீசனுக்குள் கைடமாக், சுலைமான் அல் ஃபஹிம், அலி அல் ஃபராஜ், பல்ராம் சைன்ராய் என்று நான்கு பேர் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த 2009 செப்டம்பர் தொடக்கத்தில், ஆட்டக்காரர்களை வாங்கும் கெடு முடியும் நேரத்தில், தால் பென் ஹைம் என்ற தற்காப்பு ஆட்டக்காரரை கிளப் எடுத்தது. பல வருட ஒப்பந்தம். 2012-லும் முடியாமல் ஓடிக்கொண்டிருந்த ஒப்பந்தம். அதே செப்டம்பர் மாதச் சம்பளம் உரிய நாளில் ஆட்டக்காரர்கள் கணக்கில் ஏறவில்லை. அதாவது, அந்த மாத முடிவில் சம்பளம் கொடுக்கவே வழியில்லாத கிளப், வருடக்கணக்கில் சம்பளம் தருகிறேன் என்று மாதத் தொடக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. கஜானாவில் எவ்வளவு இருக்கிறது என்பது மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆட்டக்காரருக்கு எப்படித் தெரியும்? அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2010 பிப்ரவரி 26 அன்று போர்ட்ஸ்மவுத் திவால் நிர்வாகியின் கைக்குப் போனது. பிரீமியர் லீக்கில் ஆடிக்கொண்டிருக்கும்போதே அந்த நிலைக்கு வந்த முதல் கிளப் இதுதான். தண்டனையாக 9 புள்ளிகள் பறிபோயின. சீசன் முடிவில் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. மார்ச் மாதம் நிர்வாகி 85 ஊழியர்களை வேலையிலிருந்து நிறுத்தினார். அவர்கள் எல்லோரையும் சேர்த்தாலும் ஒன்றிரண்டு நட்சத்திர ஆட்டக்காரர்களின் செலவுக்கு ஈடாகாதே, பிறகு ஏன் அவர்கள் கழுத்தில் கத்தி விழுந்தது? ஆட்டக்காரரை மார்ச் மாதத்தில் விற்க முடியாது, சந்தை மூடியிருக்கும். ஒப்பந்தத்தை முறித்தால் மீதிச் சம்பளம் முழுவதும் கடனாக மாறி அப்படியே தலையில் நிற்கும். அலுவலக ஊழியரை அனுப்புவதற்கு இந்தத் தடைகள் எதுவும் கிடையாது. செலவு எங்கே அதிகமோ அங்கே கைவைக்க முடியாது. எங்கே சுலபமோ அங்கே கை வைத்தார்கள். வேலை இழந்த 85 பேருக்கும் அந்தக் கிளப்தான் சோறு. தலைப்புச் செய்திகளில் இடம்பிடித்தது ஆட்டக்காரர்களின் வாரச் சம்பளம்.

இனி அந்த விதிக்கு வருவோம். இங்கிலாந்து லீக்குகளின் சட்டப்படி, நொடித்துப்போன கிளப் மறுபடி லீக்கில் ஆட வேண்டுமானால் கால்பந்து வட்டாரத்துக்குள் இருக்கும் பாக்கிகளை முழுதாகத் தீர்க்க வேண்டும். ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், ஆட்டக்காரரை விற்ற மற்ற கிளப்புகள் எல்லாரும் இந்த வட்டத்துக்குள் வருவார்கள். வெளியே நிற்கும் வரித்துறைக்கும், உணவு சப்ளை செய்தவருக்கும், பிரின்டருக்கும், ஆம்புலன்ஸுக்கும் மிச்சம் மீதி. போர்ட்ஸ்மவுத்தில் அந்த மிச்சம் மீதி பவுண்டுக்கு 20 பென்ஸ் என்று முடிவானது, அதுவும் தவணையில்.

இந்த விதிக்கு ஒரு நியாயம் சொல்கிறார்கள். ஒரு கிளப் இன்னொரு கிளப்பிடம் ஆட்டக்காரரை வாங்கி, காசு தராமல் அவரை வைத்தே கோல் அடித்து ஜெயித்தால் போட்டி என்ன போட்டி? ஒருவர் தராவிட்டால் அடுத்தவர் விழுவார், அவரால் இன்னொருவர் விழுவார். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் இதன் மறுபக்கம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பணம் எப்படியும் முழுதாக வந்துவிடும் என்று தெரிந்தால், ஆட்டக்காரரைக் கடனுக்கு விற்கும் கிளப் எதற்கு எதிராளியின் கணக்கைப் புரட்டிப் பார்க்கப்போகிறது? ஒரு கிளப்பின் நிலைமையை விசாரித்துத் தெரிந்துகொள்ள வசதியும் தொடர்பும் உள்ளவர்கள் இப்படி விற்கும் கிளப்காரர்கள்தான். அவர்களுடைய அபாயத்தைத் துடைத்தெடுத்து, விசாரிக்க எந்த வழியும் இல்லாத ஆம்புலன்ஸ் தொண்டர் தலையில் வைக்கிறது இந்த விதி. திமிர்பிடித்த முதலாளிகள் வகைதொகையில்லாமல் சம்பளம் பேச முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வரித்துறை சும்மா இருக்கவில்லை. போர்ட்ஸ்மவுத் தனக்கு 3.7 கோடி பவுண்டு தர வேண்டும் என்றது. நிர்வாகி 2.45 கோடிக்கு மேல் ஏற்க மறுத்தார். அந்த வித்தியாசத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. மொத்தக் கடனில் கால் பங்குக்கு மேல் கையில் இருந்தால் பவுண்டுக்கு 20 பென்ஸ் என்ற அந்தச் சமரசத் திட்டத்தையே தடுத்து நிறுத்தலாம். தொகை குறைக்கப்பட்டதால் வரித்துறைக்கு அந்த வாக்கு பலம் இல்லாமல் போனது. 2010 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தில் அதன் வழக்கு தோற்றது. இரண்டு வருடம் கழித்து இந்த விதியையே எதிர்த்துப் போட்ட வழக்கிலும் தோற்றது. ஆனால் அந்த இரண்டாவது தீர்ப்பைத் தங்கள் நடைமுறைக்குக் கிடைத்த பாராட்டாக லீக் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நீதிபதி சொல்லிவைத்தார்.

ஆட்டக்காரர்கள் பேராசைக்காரர்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கதையைப் படிக்க வேண்டும். 2011-ல் கிரெய்க் வைட் என்பவர் அந்தக் கிளப்பை 1 பவுண்டுக்கு வாங்கினார். வரும் ஆண்டுகளில் ரசிகர்கள் வாங்கப்போகும் சீசன் டிக்கெட்டுகளை முன்கூட்டியே ஒரு நிறுவனத்துக்கு விற்றுத் திரட்டிய பணத்தில்தான் வங்கிக் கடன் அடைபட்டது. கிளப் வாங்கியது தொடர்பான மோசடி வழக்கில் 2017-ல் அவர் விடுதலையானார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அவர் காலத்தில் ஊழியர்கள், ஆட்டக்காரர்கள் சம்பளத்தில் பிடித்த வரி, வரித்துறைக்குப் போய்ச் சேரவில்லை. 2012 பிப்ரவரி 14 அன்று ரேஞ்சர்ஸ் நொடித்தபோது அந்தப் பாக்கியும் வாட் (VAT) வரிப் பாக்கியும் சேர்ந்து சுமார் 90 லட்சம் பவுண்டு. மார்ச்சில் ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து பேசி, சீசன் முடியும்வரை சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். உச்சத்தில் இருந்தவர்கள் 75 சதவீதம், அடுத்தவர்கள் 50, அதற்கும் கீழே 25. அலுவலகத்திலும் மைதானத்திலும் வேலை செய்தவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் இருக்கத்தான் இந்த விட்டுக்கொடுப்பு. ஜூனில் பழைய கம்பெனி கலைப்பை நோக்கித் தள்ளப்பட்டது. புதிய கம்பெனிக்கு மாற மறுத்து வெளியேறியவர்களை, மூன்று மாதம் முன்பு கைதட்டிய அதே ரசிகர்களில் பலர் துரோகி என்றார்கள்.

ஆட்டக்காரர் எல்லாரும் லட்சாதிபதிகளும் அல்ல. இங்கிலாந்தின் கீழ் டிவிஷனில் ஆடிய பரி கிளப்பில் 2019-ல் சம்பளம் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. அந்த நிலையிலும் அந்த அணி ஆடி ஜெயித்து மேல் டிவிஷனுக்கு ஏறியது. ஆகஸ்ட் 27 அன்று கிளப்பே லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. 1885-ல் தொடங்கிய கிளப் அது. நம் ஊரும் இதற்கு விலக்கில்லை. இந்தியன் சூப்பர் லீக்கை நடத்தும் உரிமைக்கான ஒப்பந்தம் இழுபறியில் கிடந்த 2025 ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தன் ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்திவைத்தது. இரண்டு நாளில் சென்னையின் எஃப்.சி.யும் தன் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. அந்த இழுபறிக்கு ஆட்டக்காரர்கள் எந்த விதத்திலும் காரணமில்லை.

போர்ட்ஸ்மவுத் 2012 பிப்ரவரியில் மறுபடி விழுந்தது. புதிய முதலாளி, பழைய பாடம். இந்த முறை நிர்வாகியாக வந்த டிரெவர் பெர்ச் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: பெரிய ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரர்கள் விலகாவிட்டால் ஆகஸ்ட் 10-க்குப் பிறகு கிளப்பை மூடிவிட வேண்டியதுதான். ஒவ்வொருவராக ஒரு தொகைக்குச் சம்மதித்து விலகினார்கள். கடைசி நாள்வரை மிஞ்சியவர் பென் ஹைம். ரசிகர்களின் கோபம் முழுவதும் அவர் ஒருவர் மேல் இறங்கியது. அவரும் அன்றைக்கு விலகினார். சில நாள் கழித்து நடந்த லீக் கோப்பை ஆட்டத்தில் இளைஞர்களை வைத்து ஆடிய போர்ட்ஸ்மவுத், பிளிமத்திடம் 3-0 என்று தோற்றது. பென் ஹைம் முன்பே விட்டுக்கொடுத்திருக்கலாமா? கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் உள்ள கூலியைக் கேட்டவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டியவரின் பெயரை மறந்துபோவது அநியாயம்.

கடைசியில் கடனை அடைத்தது யார் தெரியுமா? ரசிகர்கள். தலைக்கு 1,000 பவுண்டு போட்டுப் பங்கு வாங்கிய ரசிகர் அறக்கட்டளை 2013 ஏப்ரலில் கிளப்பை எடுத்துக்கொண்டது. அணி அப்போது நான்காம் அடுக்குக்கு இறங்கிக்கொண்டிருந்தது. 2014 செப்டம்பர் முடிவில் கடன் தீர்ந்தது என்று கிளப் அறிவித்தது. தீர்ந்த கடனில் முன்னாள் ஆட்டக்காரர்களின் பாக்கியும் அடக்கம். முதலாளிகள் வாக்குக் கொடுத்த சம்பளத்தை, அந்தப் பேச்சுவார்த்தையில் எந்தப் பங்கும் இல்லாத ரசிகர்கள் தங்கள் பங்குப் பணத்தாலும் டிக்கெட் காசாலும் கொடுத்து முடித்தார்கள். 2017-ல் கிளப் வேறு முதலாளிக்குப் போனது. 2024-ல் இரண்டாம் அடுக்குக்கு மீண்டும் ஏறியது.

2025 ஜூலையில் இங்கிலாந்தில் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்திருக்கிறது. கிளப் வாங்க வருபவரிடம் உண்மையில் பணம் இருக்கிறதா, திட்டம் இருக்கிறதா என்று பார்க்கத் தனி ஒழுங்குமுறை அமைப்பு உருவாகியிருக்கிறது. நல்லது, ரொம்பத் தாமதமான நல்லது. 2020 டிசம்பரிலிருந்து, சம்பளத்தில் பிடித்த வரிக்கும் திவால் கணக்கில் முன்னுரிமை திரும்பக் கிடைத்திருக்கிறது. ஆம்புலன்ஸ் தொண்டர்களின் இடம் மட்டும் மாறவில்லை. ஆட்டக்காரரின் சம்பளத்துக்குக் காப்பு இருக்கட்டும், உழைத்தவன் கூலி அது. மற்ற கிளப்புகளுக்கு உள்ள காப்பை முதலில் எடுங்கள். அடுத்த முறை ஒரு கிளப் நொடித்த செய்தியில் ஆட்டக்காரரின் வாரச் சம்பளம் கொட்டை எழுத்தில் வந்தால், அந்த ஒப்பந்தத்தில் கிளப்பின் சார்பில் கையெழுத்திட்டவர் யார் என்று தேடிப் படியுங்கள்.