மதிப்பீட்டில் ஒரு வரி

உக்கடம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நகரின் கழிவுநீர் வந்து சேரக் குழாயின் சரிவையும் குழியின் ஆழத்தையும் கணக்கிடுபவர் பொறியாளர். அடைப்பெடுக்க இறக்கப்படுபவரோ பெரும்பாலும் நம் அருந்ததியர் சகோதரர்.

பாதுகாப்புக் கருவியின்றிப் பாதாளச் சாக்கடையில் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு தடுக்கிறது. இயந்திரம் பயன்படுத்துவது உள்ளாட்சியின் கடமை என்கிறது 33ஆம் பிரிவு. சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. போன உயிர் பணத்தால் திரும்புமா?

சந்து குறுகல், லாரி நுழையாது என்பது சாக்கு. சிறிய இயந்திரத்துக்கு மதிப்பீட்டில் ஒரு வரி எழுதுவது பொறியாளர் வேலை. அதைத்தான் கேட்கிறோம்.

மாணவர்களே, சிவில் படியுங்கள். தேர்வெழுதி அந்த நாற்காலிக்கு வாருங்கள். அந்த வரி இல்லாத மதிப்பீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.